இரண்டு நாற்பத்தொன்று

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை இறப்புச் சான்றிதழின் மேல் வைத்தபடி காத்திருந்தார். அக்காவின் கட்டிலோரம் நின்றிருந்தவன் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு சொன்னான்.

"ரெண்டு நாப்பத்தொண்ணு."

டாக்டர் நிமிர்ந்தார். "இவ்வளவு கரெக்டா யாரும் சொல்ல மாட்டாங்க. ரெண்டரை இருக்கும், மூணு இருக்கும்னுதான் இழுப்பாங்க. பக்கத்துலயே இருந்தீங்களா?"

"ஆமா சார். பக்கத்துலதான் இருந்தேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இருக்காது. டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவன் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அவன் வேலை ஜிட்டர் அளப்பது. மின்சமிக்ஞைகள் சொன்ன நேரத்துக்கு வராமல் ஒரு நூலளவு முந்தியும் பிந்தியும் நடுங்கும். அந்த நடுக்கம் எவ்வளவு என்று சாஃப்ட்வேரில் பார்த்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். இதை அக்காவுக்கு விளக்கப் போய் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவளே சுருக்கிக்கொண்டாள். "என் தம்பிக்கு நடுக்கம் அளக்கிற உத்தியோகம். குளிர்காலத்துல வாங்க, உங்களுக்கும் அளந்து சொல்வான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நாலு. இரண்டு பேருக்கும் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்தொன்பது வயதில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கப் போனவள் அவள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையெல்லாம் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அனுப்பிவைத்தாள். அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அவள் படுத்த படுக்கையானதிலிருந்து அவன் லீவில்தான் இருந்தான். இன்று மதியம் லேபிலிருந்து போன் வந்தது. கூட வேலை செய்கிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் பதற்றம் வந்துவிட்டால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

"தப்பா நெனைக்காதீங்க சார், வீட்ல நிலைமை தெரியும். ஆனா நம்ம சர்க்யூட் போர்டு வாங்க வந்தவங்க இங்கயே உக்காந்திருக்காங்க. ஜிட்டர் நம்பர் தாறுமாறா ஏறுது. பெயில்னு எழுதிட்டுக் கிளம்பிடுவாங்க போலிருக்கு."

அவன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இங்கிருந்தபடியே லேபின் கருவிக்குள் நுழைந்தான். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. சமிக்ஞையை ஒப்பிட்டுப் பார்க்கும் க்ளாக்கை யாரோ இடம் நகராத செட்டிங்கில் விட்டிருந்தார்கள். அப்படி விட்டால், சமிக்ஞை மெல்ல மெல்ல விலகிப் போவதும் நடுக்கத்தோடு சேர்ந்து கணக்கில் ஏறிவிடும். அதை மாற்றிவிட்டால், சாஃப்ட்வேர் அந்த மெதுவான விலகலின் பின்னாலேயே நடந்துகொண்டு அதைக் கண்டுகொள்ளாது. வெடுக்கென்று வரும் நடுக்கத்தை மட்டும் எண்ணும். மாற்றினான். பழைய எண்ணிக்கையை அழிக்கும் கமாண்டைக் கொடுத்தான். புதிதாக ஒரு கோடி துடிப்புகள் சேர்ந்தால் முடிவு வரும். எண் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் அக்கா "டேய்" என்றாள்.

"ஒரு நிமிஷம்க்கா."

அவள் இன்னும் ஏதோ சொன்னது காதில் விழுந்தது. "ம்" என்றான். கண் திரையை விட்டு அகலவில்லை. ஏறுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை, அது தன்பாட்டில் ஏறும். இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு நிம்மதி இருந்தது. கட்டில் பக்கம் பார்ப்பதில் இல்லாத நிம்மதி.

ஒரு கோடி சேர்ந்து, பச்சையில் 'பாஸ்' என்று வந்து, அங்கே யாரோ கைதட்டுவது போனில் கேட்ட பிறகு, சிரித்த முகத்தோடு திரும்பினான். அக்கா முழங்கையை மடித்துக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். தூங்குகிறாள் என்றே நினைத்தான்.

ஒவ்வொரு கமாண்டுக்கும் சாஃப்ட்வேர் நேரம் குறித்துவைக்கும். அழித்தது இரண்டு முப்பத்தொன்று. முடிவு வந்தது இரண்டு ஐம்பத்தொன்று. டாக்டர் வருவதற்குள் அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டான். எப்போது என்று தெரியாதபோது தொழிலில் என்ன செய்வானோ அதையே செய்தான். நடுவை எடுத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்காது. லீவு போட்டுட்டு ராத்திரி பகலா பக்கத்துலயே உக்காந்திருந்தானே. குடுத்துவெச்சவ" என்று கீழ்வீட்டு அம்மாள் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஒவ்வொரு பாராட்டும் செருப்படியாக விழுந்தது. அதற்கும் தலையை ஆட்டி வைத்தான்.

ஆறு மணிக்குத் தங்கை ரயிலிலிருந்து நேராக வந்தாள். அக்காவின் மேல் விழுந்து அழுது ஓய்ந்து, முகம் கழுவிக்கொண்டு, அடுக்களையில் தனியாக நின்றவனைத் தேடி வந்தாள். மேடைமேல் கிடந்த சான்றிதழை எடுத்துப் படித்தாள்.

"ரெண்டு நாப்பத்தொண்ணு" என்றாள். "நிமிஷம் பிசகாம சொல்லியிருக்கே. கண்ண எடுக்காம பாத்துட்டு இருந்திருக்கே. வழி முழுக்க எனக்கு அதே பயம்ணா, யாரும் பாக்காம தனியா போயிடுவாளோன்னு. இப்பதான் எனக்கு மூச்சே வருது."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவளுக்கு ஆறுதல், அவனுக்கு நல்ல பேர். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

"வெயில் கண்ணுல அடிக்குதுடா, திரையை இழுத்து விடுன்னா."

"விட்டியா?"

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கினான்.

"இல்ல" என்றான். பிறகு நிறுத்த முடியவில்லை. லேப்டாப், எண்ணிக்கை, ஒரு நிமிஷம்க்கா, எல்லாவற்றையும் சொன்னான். "அது நான் கணக்குப் போட்டுச் சொன்ன நேரம். முப்பத்தொண்ணுக்குப் பேசினா. அம்பத்தொண்ணுக்கு உயிர் இல்ல. நடுவுல எப்பன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல."

தங்கை தாளை இன்னொரு தடவை படித்தாள். பிறகு அதை நாலாக மடித்தாள்.

"அந்த போர்டு பாஸாச்சா?"

"ஆச்சு."

"நல்லது" என்றாள்.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. டிரைவரும் இன்னொரு ஆளும் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்கள். "வீட்டு ஆளுங்க தலைமாட்டுல ஒருத்தர், கால்மாட்டுல ஒருத்தர் வாங்க. நடுவுல நாங்க பாத்துக்கறோம்" என்றார் டிரைவர். அவன் தலைமாட்டுக்கு நகர்ந்தான். தங்கை அதற்குள் அங்கே வந்து நின்றிருந்தாள்.

"நீ அந்தப் பக்கம் போ." குரலில் கோபம் இல்லை.

அவன் கால்மாட்டுக்குப் போனான். விரிப்பின் இரு முனைகளையும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்து, பாரம் தாங்கக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, டிரைவர் சொன்னதும் தூக்கினான். அவன் பக்கம் மட்டும் விருட்டென்று மேலே போய்விட்டது. அக்கா இவ்வளவு இளைத்திருந்தாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

"மெதுவா" என்றாள் தங்கை.