கொரகொரக்காத கம்பி

அக்காவின் துணி துவைக்கும் தகரத் தொட்டியைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டேன். ஒரு பிரேக் கம்பியை அதில் கோத்து, மறுமுனையைத் துடைப்பக் கட்டையின் தலையில் கட்டினேன். கட்டையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, பின்னால் சாய்த்தபடி கம்பியைச் சுண்டினால் 'தும்' என்று அடிவயிறு வரைக்கும் கேட்கும். என் பாஸ் கிதார் அதுதான். அக்கா மட்டும் தொட்டி போன துக்கத்தில் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் ஸ்கூட்டர் மெக்கானிக். கம்பிக்குப் பஞ்சமில்லை. மற்ற மெக்கானிக்குகள் கழற்றிய கம்பியைக் குப்பையில் வீசுவார்கள். நான் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவைத் துடைத்து, எண்ணெய் பூசி, புதுசு மாதிரி சுருட்டி ஆணியில் மாட்டிவைப்பேன். விரல் கிழியக்கூடாதே என்ற அக்கறை.

அன்று காலை அக்கா வேலைக்குக் கிளம்பியவள் வண்டியோடு வந்து நின்றாள்.

"முன் பிரேக் கம்பிய மாத்துறேன் மாத்துறேன்னு எத்தனை நாளாடா சொல்லுவ? பின் பிரேக்தான் பேருக்கு இருக்கு."

முந்தின நாள் வாங்கிய புதுக் கம்பியும் அதே ஆணியில்தான் தொங்கியது. எடுத்தேன், பத்தே நிமிடத்தில் மாட்டினேன், அனுப்பினேன். தொட்டியில் இருந்த கம்பி தேய்ந்துபோயிருந்ததால், ஆணியில் மிச்சமிருந்த இன்னொரு கம்பியை அதற்குக் கட்டினேன்.

பக்கத்துக் கடை முடிதிருத்துகிறவர் கிதாரோடு வந்தார். கடை திறக்கும்வரை தினமும் எங்கள் கச்சேரி நடக்கும். நான் சுண்டியதும் அவர் கையை நிறுத்தினார்.

"என்னப்பா, இன்னிக்கு சத்தம் இவ்ளோ சுத்தமா இருக்கு? எப்பவும் கொரகொரன்னு கேக்குமே?"

பழைய கம்பியில் எங்காவது ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கொரகொரக்கும். மறுபடி சுண்டினேன். தும். ஓர் இழைகூட அறுபடாத கம்பி.

புதுக் கம்பி தொட்டியில் இருந்தது. பழசை என் கையாலேயே அக்காவின் வண்டிக்குப் போட்டிருந்தேன்.

அக்கா வேலை பார்க்கும் தையல் கம்பெனி மலைச்சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மூன்று வளைவு, ஒரே இறக்கம். போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள் என்பது தெரியும். தெரிந்தும் மறுபடி போட்டேன். கடையில் நின்ற நாலு வண்டிக்கும் எஞ்சின் தரையில் கிடந்தது. தொட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

முதல் வளைவில் ஒன்றுமில்லை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். இரண்டாவது வளைவில் கூட்டம். அழுதுகொண்டே கூட்டத்தை விலக்கினேன். லாரியிலிருந்து யாரோ கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "யோவ், கண்ணு தெரியல?" என்று ஒருவன் கத்தினான். அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

கம்பெனி கொட்டகையில் அக்காவின் ஸ்கூட்டர் நின்றது. ஒரு கீறல் இல்லை. காவலாளி அக்காவைக் கூப்பிட உள்ளே போனதும் முன் பிரேக்கை ஒரே ஒரு முறை அழுத்தினேன். 'டக்' என்று கம்பி அறுந்தது. பிடி தொளதொளவென்று கைக்குள் வந்தது.

அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள்.

"என்னடா, இப்படி வேர்த்து ஊத்துது? வண்டி பிரமாதமா இருக்குடா. தினமும் அந்த இறக்கத்துல பயந்துபோய் உருட்டிக்கிட்டுதான் வருவேன். இன்னிக்கு நீ புதுக் கம்பி போட்டிருக்கேங்கிற தைரியத்துல, மொத்த இறக்கமும் ஏறி உக்காந்தே வந்துட்டேன்."

புதுக் கம்பி என் கையில் இருந்தது.