மாதா கெபிக்கு வந்த மின்சாரம்

சோரியாங்குப்பம் காலனியில் உச்சி வெயிலில் மின்சாரம் நின்றது. அந்த நொடியே மின்சார இயந்திரத்திலிருந்து ஆண்டனியின் மூக்குக் குழாயில் வந்துகொண்டிருந்த ஆக்சிஜனும் நின்றது.

கடலுக்கு அப்பால் எங்கோ போர். எரிவாயுக் கப்பல் வரவில்லை. நிலக்கரிக் கப்பல் வரவில்லை. அயலான் துறைமுகத்தை நம்பி அடுப்பு மூட்டிய நாடு, பகலில் மூன்று மணி நேரம் அணைந்து கிடந்தது. அந்த மூன்று மணி நேரத்தை ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக் கடத்திவந்தாள் அவன் மனைவி ஜோஸ்பின். இன்று சிலிண்டர் காலி. புதியதை ஏற்றிவர வேண்டிய வண்டி டீசல் இல்லாமல் வில்லியனூரிலேயே நின்றுவிட்டது.

"இன்னாடி, மூஞ்சி இப்பிடிப் போவுது? கரண்டுதான போச்சி... நானா போயிட்டன்?" என்றான் ஆண்டனி, சொல்லுக்குச் சொல் மூச்சை இழுத்து. இருபது ஆண்டு பெயிண்ட் கம்பெனிக்கு உழைத்து, அவன் வாங்கிவந்த நுரையீரல் அது.

மின்சாரம் அடியோடு இல்லாமலும் இல்லை. ஊர் எல்லையில், போன போகம்வரை நெல் விளைந்த நிலத்தில், வெள்ளைப் பெட்டிகள் வரிசையாய் நின்றன. வெயில் தந்ததைச் சேர்த்துவைத்து, மின்வெட்டு நேரத்தில் திருப்பித் தரும் பேட்டரிகள். எல்லா வீட்டுக்கும் போதாது. ஊருக்கு ஓர் இணைப்பு, காலனிக்கு ஓர் இணைப்பு. எங்கே வேண்டுமென்று கேட்க ஆறு மாதத்துக்கு முன் என்ஜினியர் அர்ச்சனா வந்திருந்தாள்.

"சமுதாயக் கூடத்துக்குப் போட்டுக்கோங்கம்மா. யாருக்கு அவசரம்னாலும் ஓடி வரலாம்."

ஊர்க்காரர்கள் தங்கள் இணைப்பைக் கோயிலுக்கு வாங்கிவிட்ட செய்தி அதற்குள் வந்திருந்தது. கூட்டம் கொதித்தது. முதலில் எழுந்தவள் ஜோஸ்பின்.

"அவுங்க அம்மன் ஜெகஜோதியா நிப்பா, எங்க மாதா இருட்டுல நிக்கணுமா? கெபிக்குத்தான் போடணும்!"

கைதட்டல் அதிர்ந்தது. ஆண்டனி விசிலடித்தான். அன்று அடிக்க மூச்சு இருந்தது.

தலைமுறை தலைமுறையாய் இருட்டில் நிறுத்தப்பட்டவர்கள் வெளிச்சம் கேட்டது குற்றமன்று. மனிதனுக்குக் கேட்க வேண்டியதைச் சிலைக்குக் கேட்டார்களே, அதுதான் குற்றம்!

இன்று பக்கத்து வீட்டு லில்லியும் ஜோஸ்பினுமாக ஆண்டனியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு கெபிக்குத் தூக்கிவந்தார்கள். தெருவே மின்சாரமின்றிக் கிடக்க, மாதா சிலை நிற்கும் சிறு குகைக்கோயிலான அந்தக் கெபியில் மட்டும் சீரியல் விளக்குகள் கொளுத்தும் வெயிலில் சிவப்பும் பச்சையுமாய்க் கண்சிமிட்டின. அவற்றின் பிளக் இரும்புப் பெட்டிக்குள். பெட்டிச் சாவி, கெபியைப் பார்த்துக்கொள்ளும் செல்லப்பனிடம்.

லில்லி ஓடிப்போய் இயந்திரத்தைத் தூக்கி வந்தாள். செல்லப்பனும் வந்து சேர்ந்தார்.

"மாமா, பொட்டியத் தொற. வெளக்கக் கழட்டிட்டு மிசின மாட்டணும்."

"மாதா வெளக்கையா? ஃபாதர ஒரு வார்த்த கேட்டுடறன் இரு."

ஃபாதர் போனை எடுக்கவில்லை.

"தொற மாமா! உதடு நீலம் பூக்குது பாரு!"

"நீதானடி அன்னிக்கு நின்னு சண்ட போட்டு வாங்கின? இப்ப நீயே அணைக்கச் சொல்ற!"

"ஆமா, நான்தான் வாங்கினன். நானே கேக்கறன், தொற!"

செல்லப்பன் மறுபடி எண்ணை அழுத்தினார். காதில் போனை வைத்தபடி மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோஸ்பின் பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை உருவினாள். நாலாவது அடியில் பூட்டு தெறித்தது. விளக்கின் பிளக்கைப் பிடுங்கி இயந்திரத்தினுடையதைச் செருகினாள். கெபி அணைந்தது; இயந்திரம் உறுமியது.

"வந்துடுச்சிய்யா. இழு. மூச்ச இழு."

குழாயில் காற்று வந்தது. இழுக்க ஆளில்லை. ஆண்டனியின் தலை நாற்காலிக் கையின்மேல் சாய்ந்திருந்தது.

அப்போது செல்லப்பனின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவர் நிமிராமல் சொன்னார்: "கழட்டிக்கலாமாம்."

வெகுநேரம் கழித்து, சுற்றிக் கூடியிருந்தவர்களில் ஒரு குரல், விளக்கைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று மெல்லக் கேட்டது.

ஜோஸ்பின் அந்தப் பிளக்கின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.