ஆர்க்கிட் பாத்திக்கு ஒரு மெத்தை

என் மனைவியின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவளைப் பார்த்துக்கொள்ள என் மனைவி கிளம்பினாள். போகும்போது எனக்குச் சாப்பாடு எப்படி, மாத்திரை எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. "ஆர்க்கிட்டைப் பத்திரமா பார்த்துக்கோங்க, மழை வரப்போகுது" என்றாள். அவ்வளவுதான்.

காரணம் இருந்தது. எங்கள் வீட்டின் பின்பக்கம் சரிவாக இறங்கும். அந்தச் சரிவில் பாத்தி கட்டி, தரையில் வளரும் ஆர்க்கிட்டுகளை வைத்திருக்கிறாள். நடுவில் நிற்கும் வெள்ளை ஜாதி, அக்கா தன் தோட்டத்திலிருந்து கிழங்கு பிரித்துக் கொடுத்தது. அக்கா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியதில் அவளுடைய செடியெல்லாம் மண்ணோடு போயிற்று. மிச்சம் எங்களிடம் இருப்பதுதான். அது இங்கே வந்த நாளிலிருந்து இலையாக விட்டுத் தள்ளியதே தவிர, ஒரு பூவைக் கண்ணில் காட்டவில்லை. இப்போதுதான் தண்டு கிளம்பி மொட்டு கட்டியிருந்தது. படுக்கையில் கிடப்பவளுக்கு வேறு பேச்சே இல்லை. தினமும் போனைப் பிடுங்கி, "மாப்பிள்ளை, பூத்துச்சா?" என்பாள். எழுபதைத் தாண்டிய என்னை இன்னும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்.

நான் லாரி ஓட்டியவன். நான் ஏற்றிய சரக்கு நனைந்தது என்று யாரும் சொன்னதில்லை. மழைக்கு ஒரே மருந்து தார்ப்பாய். பெட்டிக்குள் மடித்துக் கிடந்த பழைய தார்ப்பாயை எடுத்து, பாத்தியின் மேல் தாழ்வாக விரித்து, நாலு பக்கமும் கயிறு போட்டு, காற்று நுழையாதபடி இழுத்துக் கட்டினேன். முடிச்சு ஒவ்வொன்றும் கல் மாதிரி. இனி வானமே பொத்துக்கொண்டு ஊற்றட்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

ஊற்றத்தான் செய்தது.

காலையில் போய்ப் பார்த்தால் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. ஆனால் தார்ப்பாயின் மேல் விழுந்த தண்ணீர் முழுக்க ஒரே மூலைக்கு ஓடி, அங்கிருந்து குழாய் திறந்துவிட்டது போலக் கொட்டியிருக்கிறது. கொட்டிய இடத்தில் ஆள் உட்காரும் அளவுக்குப் பள்ளம். பாத்தியின் கீழ் விளிம்பு அறுத்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளை ஆர்க்கிட்டின் வேரில் பாதி அந்தரத்தில் தொங்கிற்று. மழை விடவும் இல்லை. இன்னொரு முறை இதே போல் அடித்தால் செடி கீழே போய்விடும்.

கீழே என்றால் மெத்தைக் கடை. புருஷனும் பெண்டாட்டியுமாக மெத்தை தைக்கிறவர்கள். மெத்தைக்காரர் தினமும் கடை திறந்ததும் அண்ணாந்து எங்கள் பாத்தியைப் பார்ப்பார். சும்மா யாராவது பார்ப்பார்களா? இடத்தின் மேல் கண் என்று நான் வேலியைக்கூட இழுத்து இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன்.

அன்றைக்கு அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு ஏறி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நான் முதலில் வாயைத் திறந்தேன்.

"மழை பெஞ்சா தண்ணி கீழதான் வரும். நான் என்ன பண்ண முடியும்?"

"தண்ணி வந்தா பரவாயில்ல பெரியவரே. உங்க தோட்டமே வந்து எங்க கடையில உட்கார்ந்திருக்கு. காலையிலேர்ந்து வாரி வெளிய போட்டுக்கிட்டிருக்கோம்" என்றார்.

அந்தம்மா அதற்குள் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து சூடாக ஆவி வந்தது.

"என்னங்கய்யா, செடியைப் போர்த்துனீங்களா, அவிச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "லோடு கட்டுனவன்மா நான். எனக்குத் தெரியும்."

"லோடு மூச்சு விடாது. இது விடும்ல" என்றாள்.

மெத்தைக்காரர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? தார்ப்பாய உயரத் தூக்கிக் கம்புல கட்டுவோம். தண்ணிய ஒரு பைப்புல வாங்கி, ஓரமாத் தெருச் சாக்கடைக்கு விட்டுரலாம். மண்ணுக்கு என்கிட்ட நார் இருக்கு."

"இதுக்கு உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். நான் அப்படித்தான். கேட்டுவிடுவேன்.

"கடைக்குள்ள சேறு வராம இருந்தா போதும்."

அது எனக்குப் பிடித்தது. தன் காரியத்துக்காக வருகிறவனை நம்பலாம். உபகாரம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனைத்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

என் முடிச்சை நானே அவிழ்த்தேன். கம்பு நட்டு, சரிவாகத் தூக்கிக் கட்டினோம். கொல்லையில் கிடந்த பைப்பை நீளவாக்கில் அறுத்துத் தார்ப்பாயின் தாழ்ந்த ஓரத்தில் தொங்கவிட்டோம். அவர் கீழே போய், ஜனங்கள் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன பழைய மெத்தைகளைச் சுமந்து வந்தார். உறையைக் கிழித்தால் உள்ளே தேங்காய் நார், பலகை பலகையாக. பள்ளத்தில் உடைத்த செங்கல்லும் மண்ணும் போட்டு, தொங்கிய வேரை உள்ளே வைத்து மூடினோம். செடிக்குச் செடி இடம் விட்டு, சரிவு முழுக்க நாரைப் பரப்பி முளை அடித்தோம். பிறகு அவர் கோணி ஊசியில் நார்க்கயிறைக் கோத்து, ஒரு பலகையை அடுத்த பலகையோடு சேர்த்துத் தைத்தார். மேட்டைத் தைக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நனைந்துகொண்டே, மேலிருந்து கீழ்வரை, ஒரு தையலும் தளராமல்.

"இனி தண்ணி போகும், மண்ணு போகாது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வேலை முடிந்தது, போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்தம்மா போகவில்லை. ஒரு பையிலிருந்து காய்ந்த பஞ்சை எடுத்தாள். வெள்ளை ஆர்க்கிட்டின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பஞ்சை நூலாகத் திரித்து, இலை கிளம்பும் குருத்துக்குள் விட்டு, தேங்கி நின்ற தண்ணீரை ஒற்றி எடுத்தாள். திரி நனைந்ததும் இன்னொன்று. மொட்டில் அப்பியிருந்த சேற்றையும் அதே பஞ்சால்தான் துடைத்தாள், குழந்தை கண்ணைத் துடைப்பது போல. பிறகு அடுத்த செடி. அதற்குப் பிறகு அடுத்தது.

"அது எதுக்கும்மா?"

"குருத்துல தண்ணி நின்னா அழுகிடும். அப்புறம் செடியே இல்ல."

கடைக்குள் சேறு வராமல் இருக்க இது தேவையே இல்லை. அவளுக்கு இதில் என்ன லாபம் என்று எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. "டீ போடட்டுமா?" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"அவருக்கு சர்க்கரை வேண்டாம்" என்றாள் நிமிராமல்.

அதற்குப் பிறகு முந்தையதைவிடப் பலமாக அடித்தது மழை. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பைப்பு வழியாகத் தண்ணீர் ஒழுங்காகத் தெருவுக்குப் போயிற்று. மிச்சம் நாருக்குள் புகுந்து, மெதுவாக, வடிகட்டிய டீ நிறத்தில் கீழே இறங்கிற்று. மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பாத்தி அப்படியே இருந்தது. கீழேயிருந்து மெத்தைக்காரர் காய்ந்த தரையில் ஒரு காலைத் தேய்த்துக் காட்டினார். நான் கையை உயர்த்தினேன்.

நான் அவித்ததில் மொட்டுகளில் பாதி மஞ்சளாகி உதிர்ந்தன. மிச்சம் பூத்தன. பெரிதாக, பால் வெள்ளையாக. வீடியோவில் பூவைக் காட்ட போனை எப்படித் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வேலியோரம் நின்று அந்தம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. அக்கா போனில் வந்ததும் முதலில் பாத்தியைத்தான் பார்த்தாள்.

"என்ன மாப்பிள்ளை, செடிக்கெல்லாம் மெத்தை போட்டிருக்கீங்க. எனக்கு இங்க முதுகு குத்துது."

"மெத்தைக்காரங்க இங்கதான் இருக்காங்க. உங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன்."

"சரி, பூவைக் காட்டுங்க."

அந்தம்மா பாத்தியின் ஓரத்தில், தார்ப்பாய்க்கு வெளியே ஈர நாரின் மேல் அப்படியே குப்புறப் படுத்து, போனைப் பூவுக்கு நேராகப் பிடித்தாள். அக்கா இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. "அதேதான். உள்ளே அந்த மஞ்சக் கோடுகூட அப்படியே இருக்கு" என்றாள். என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏங்க, உங்களைக் காணோமே. எங்க நிக்கிறீங்க?"

நான் அந்தம்மாவின் முதுகு நனையாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்கதான் இருக்கேன்" என்றேன். "அவசரம் இல்ல. அக்கா நல்லாப் பார்க்கட்டும்."