மூத்தவளின் வடு

கன்னிமார் மேல் ஓராண்டாக ஏறியிருந்த மஞ்சளை நான் ஆற்றுநீரால் கழுவி முடித்தபோது, சற்றுத் தள்ளி நின்ற பெண், “ஐயா, இதெல்லாம் கோடாலி” என்றாள்.

ஏழு கற்களும் புங்கமரத்தடி மேடையில் ஈரமாக இருந்தன. ஆண்டுக்கு ஒருநாள்தான் அவை மஞ்சள் இல்லாமல் இருக்கும். குடும்பத்தின் மூத்த ஆண் மட்டுமே கழுவ வேண்டும். வேறு யாரும் அப்போது கிட்ட வரக்கூடாது. அந்த நேரம் பார்த்து அவளை அழைத்து வந்தவன் என் பங்காளி பழனிச்சாமி. சிசிலி என்று பெயர். பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். பாலக்காட்டில் கல்லூரிப் படிப்பு. ஆறு வற்றிக் கிடந்த அந்தக் கோடையில் கரையோரமெல்லாம் பழங்காலத்துக் கற்களைத் தேடிக்கொண்டு அலைந்தாள்.

“கேட்டீங்களாண்ணா? நாம கும்புடறது வெறகு வெட்டற கோடாலியாமுங்க!” பழனிச்சாமி சிரித்தான். “இனி நோம்பிக்கு மஞ்சளோட ஒரு காம்பும் வாங்கோணும்.”

“வாயக் கழுவுடா.”

“கிண்டலுக்குச் சொல்லலைங்கய்யா. இரும்பு வாரதுக்கு முந்தி இருந்த சனங்க செஞ்சது. பாறையில தேச்சுத் தேச்சு ஒரு பக்கத்தக் கூராக்கியிருக்காங்க, அந்த விளிம்பப் பாருங்க.” ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டே வந்த அவள் விரல் நடுவில் இருந்த மூத்தவளிடம் நின்றது. “இது மட்டும் கோடாலி இல்ல. இது ஆறு உருட்டுன வெறுங்கல்லு.”

பழனிச்சாமி சிரித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் சிரிப்பை நிறுத்தியதும் பயம் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் இந்த மேடையே அடித்துக்கொண்டு போயிற்று. அப்போது நான் சிறுவன். வெள்ளம் வடிந்ததும் என் அப்பா தனியாக மணலில் இறங்கித் தேடி, ஏழு பேரையும் ஒரே துண்டில் முடிந்து கொண்டுவந்தார். அன்றிலிருந்து மாரியம்மன் நோம்பியில் முதல் தீர்த்தம் எங்கள் வீட்டுக்கு. அதற்கு முன் அது பழனிச்சாமி வீட்டுக்கு இருந்தது. மூத்தவளின் விளிம்பில் பிறை போல ஒரு வடு இருந்ததே, அது எங்கே என்று அவனுடைய தாத்தா கேட்டாராம். வெள்ளம் தேய்த்துவிட்டது என்றார் அப்பா. சூடத்தை அணைத்துச் சத்தியமும் செய்தார். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை சொன்ன சொல்லை அதற்குமேல் யாரும் கிளறியதில்லை. நானும் கிளறியதில்லை.

“போயி மருதாத்தாளக் கூட்டிட்டு வா” என்று பழனிச்சாமியை அனுப்பினேன். மருதாத்தாள் என் மருமகள், மாசமாக இருந்தாள். தலைச்சன் சுமப்பவள்தான் மூத்தவளுக்கு முதல் மஞ்சள் பூச வேண்டும்; பிள்ளைக்குக் காவல் அதுதான். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவன் தலை மறைந்ததும் சிசிலி பையைத் திறந்தாள். “கோவிச்சுக்காதீங்கய்யா. கீழ அந்தப் பாலத்துக்கிட்ட மணல்ல காலையில கெடைச்சுது. உங்க ஆறு கல்லுக்கும் இதுதான் சோடி.”

கருங்கல், உள்ளங்கை நீளம். வாங்கிப் பார்த்தேன். விளிம்பில் பிறை போல ஒரு வடு.

அப்படியென்றால் இத்தனை காலமும் நான் நீரூற்றிக் கும்பிட்டது யாரை? உண்மையான மூத்தவள் ஆற்றுக்குள் கிடந்தாள், வெயிலிலும் வெள்ளத்திலும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல். வெள்ளத்துக்கு மறு ஆண்டு என் அக்கா காய்ச்சலில் போனாள். என் தலைச்சன் மகள் தவழும் முன்னே போனாள். எங்கள் வீட்டில் மூத்த பெண் தங்காது என்று ஊர் சொல்லும். விதி என்று நானும் தலையை நிமிர்த்தி நடந்துவிட்டேன். அந்தக் கல்லைக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். கிழவனாகிவிட்ட பிறகு, ஒரு வெளியூர்ப் பெண்ணுக்கு முன்னால்.

வரப்பில் பேச்சுக்குரல் கேட்டது. பங்காளிக்கு முன் நான் ஒருநாளும் தோள்துண்டை எடுத்ததில்லை. அதை உருவிக் கல்லை மூடினேன்.

“ஐயா, அது காலேசுல காட்டணும்…”

“சொல்லாத, அம்மிணி.” வரப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அவன்கிட்ட மட்டும் சொல்லாத.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். காலிப் பையை மெல்ல மடித்தாள்.

மருதாத்தாள் மஞ்சள் கிண்ணத்தோடு வந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி மெதுவாக மண்டியிட்டாள். பின்னால் பழனிச்சாமி. அவன் மேடையைப் பார்க்கவில்லை. என் வெறுந்தோளைப் பார்த்தான்.

“என்னுங்ணா, துண்டுக்குள்ள?”

துண்டை அவிழ்த்தால் அப்பாவின் சத்தியம் போகும். அவிழ்க்காவிட்டால் மருதாத்தாள் ஒரு வெறுங்கல்லிடம் தன் பிள்ளையை ஒப்படைப்பாள்.

மருதாத்தாள் மஞ்சளில் தோய்த்த கையைத் தூக்கியபடி ஏழு கற்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மஞ்சள் இல்லாமல் அவர்களை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“ஏனுங் மாமா, இதுல மூத்தவ யாருங்க?”

அவள் விரல் நுனியிலிருந்து மஞ்சள் சொட்டி மணலில் விழுந்தது. துண்டுக்குள் அந்தக் கூர் விளிம்பு என் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தது.