விளக்குக்காரனின் முக்காலி

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: சன்னலைப் பார்த்துப் போட்ட உயர முதுகு நாற்காலியில், அரசராக, எழுத்தாளரின் கணவர். சன்னல் திட்டில், அரசியாக, மகள். நாற்காலிக்குப் பின்னால் அலமாரியை ஒட்டிய முக்காலியில், விளக்குக்காரனாக, தம்பி. எழுத்தாளரான அவள் அரசருக்குப் பால் கொண்டுவரும் பணிப்பெண்ணாகத் தம்ளரோடு நின்றாள்.

சரித்திரக் கொலைக்கதை எழுதுவதில் அவளுக்கு இது ஒரு வழக்கம். கையெழுத்துப் படி பதிப்பகத்துக்குப் போய்விட்டாலும், அச்சேறுமுன் வீட்டு ஆட்களை உட்காரவைத்துக் கொலையை ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுவாள். ஓட்டை இருந்தால் வாசகர்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள்.

இந்தக் கதையில், நஞ்சு கலந்த பாலைக் குடித்து அரசர் சாய்ந்ததைத் தான் பார்க்கவேயில்லை என்கிறான் விளக்குக்காரன். அந்தப் பொய்தான் கடைசி அத்தியாயத்தில் அவனைக் கழுவில் ஏற்றுகிறது.

அந்தப் பொய்யை அவள் வெளியில் தேடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், இதே நாற்காலியில் அப்பாவின் உயிர் பிரிந்தபோது, இதே முக்காலியில் தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். “நான் பாக்கலக்கா” என்றான். அதோடு அவனிடம் பேச்சை அறுத்துக்கொண்டாள். இன்று ஆள் போதவில்லையென்று மாமாவை இழுத்துவந்தது மகள்தான்.

“ராஜா, குடிச்சாச்சா?”

“பாலாவது ஊத்தியிருக்கலாம். வெறும் தண்ணி.” கணவர் தலையைச் சாய்த்தார்.

“இப்ப என்ன தெரியுது?” என்றாள், தம்பியின் முகத்தைப் பார்க்காமலே.

“ஒண்ணும் தெரியல.”

“நல்லாப் பாரு.”

“நின்னுக்கிட்டே கேட்டா எப்படி? நீ வந்து உக்காந்து பாரு.”

அப்பா போனபிறகு அந்த முக்காலியில் புத்தகம் அடுக்கியிருக்கிறாளே தவிர, ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். நாற்காலியின் முதுகுதான் தெரிந்தது. தலையையும் தோளையும் அது விழுங்கியிருந்தது. கைப்பிடிமேல் விரல்கள் மட்டும், தூங்குகிறவருடையவை போல, அசையாமல் கிடந்தன.

“ராஜா செத்து ரொம்ப நேரமாச்சு. எந்திரிக்கலாமா?”

“சும்மா இருங்கப்பா,” என்றாள் மகள்.

“அப்பா கையும் இப்படித்தான் இருந்துச்சாடா?”

“ம். தூங்குறாருன்னு நெனச்சு, பேப்பரக்கூட சத்தம் வராம மடிச்சேன்க்கா.”

அவள் எழுந்துபோய் மேசையில் பதிப்பாளருக்கு எழுதினாள்: ‘கடைசி அத்தியாயத்தை அச்சிட வேண்டாம். விளக்குக்காரன் சொன்னது உண்மை. அவன் இருந்த இடத்தில் யார் இருந்தாலும் தெரிந்திருக்காது. தவறு என்னுடையது.’

“அப்ப ராஜாவக் கொன்னது யாரும்மா?” என்றாள், தோள்வழியாக எட்டிப் படித்த மகள்.

“இனிமேதான் கண்டுபிடிக்கணும்.”

“நல்லாயிருக்கு. என்னைக் கொன்னுட்டு ஆளைத் தேடுறா,” என்றார் கணவர்.

அவள் உறையை ஒட்டாமல் தம்பியிடம் நீட்டினாள். “படிச்சுட்டு நீயே ஒட்டு.”

அவன் படித்தான். திரும்ப ஒருமுறை படித்தான். பசை தடவி, விளிம்பைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனான்.

“முனைப் பெட்டியில போட்டுட்டு நேரா இங்க வா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

“சரிக்கா.”

சன்னல் ஓரம் வந்து நின்றாள். தெருமுனையில் தபால் பெட்டிக்குள் போன அவன் கை, வெறுங்கையாக வெளியே வருவதைப் பார்த்தாள்.