சிவமணி கேட்ட குதிரை

கொன்ஸ்ரன்ஸ் எழுதிய கதையில் அரசியும் தளபதியும் மந்திரவாதியும் ஒரே மாதிரித்தான் பேசினார்கள். அது அவளுக்குத் தெரியாமலே இருந்தது. இணையத்தில் தமிழில் கதை எழுதுகிறவர்கள் கூடுகிற குழு ஒன்றை நடத்திவந்த அபிஷன் என்ற இளைஞன்தான் அதைச் சொன்னான். அவன் கனடாவில் இருந்தான். அவளை நேரில் கண்டதில்லை.

"அக்கா, கதை நல்லாப் போகுது. ஆனா ஆறு பேரும் ஒரே ஆள் கதைக்கிற மாதிரி இருக்கு. பேருகளை எடுத்துப்போட்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, ஆர் என்ன சொன்னதெண்டு தெரியாது."

அவள் வாசித்துப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான். தளபதி மாறவேள் ஆயிரம் வீரர்களை ஆற்றைக் கடக்கச் சொல்லும்போதும் "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்று தொடங்கினான். அரசி இளநகை சிம்மாசனத்தில் இருந்தபடியே மன்னிப்புக் கேட்டாள். மலைக்குகையில் பல தலைமுறைகளாக உறங்கி எழுந்த யாளிகூட "பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றது. கொன்ஸ்ரன்ஸ் அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசுகிற பேச்சுத்தான் எல்லாருடைய வாயிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

வேறு எந்தப் பேச்சு அவளிடம் இருந்தது? கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். பிறகு அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொல்லவேயில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு இருந்த வாடகை வீட்டை, அம்மா இறந்த வருடமே வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். தம்பி ஜொனாதன் மெல்பேர்னில் இருந்துகொண்டு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டிருந்தான். "சும்மா பூட்டிக் கிடக்குது அக்கா, நீங்க இருங்க" என்றான். நான்காம் மாடி. ஜன்னலில் கடல் ஒரு துண்டு தெரியும். ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் நடுங்கும். காய்கறி, மருந்து எல்லாவற்றையும் போனில் அழுத்தினால் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். சில நாட்களில் மாலை ஜெபத்துக்கு வாய் திறக்கும்போதுதான், அன்று முழுக்கப் பேசவேயில்லை என்பது அவளுக்கு உறைக்கும். முதல் சொல் கரகரவென்று வரும்.

ஆகவே ஆட்களைத் தேடிப் போவது என்று முடிவு செய்தாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு உடனே திரும்பாமல் வாசலில் நின்று பார்த்தாள். குடும்பம் குடும்பமாக நின்றவர்கள் அவளைக் கண்டு சிரித்துவிட்டுத் தங்கள் கதைக்குத் திரும்பினார்கள். காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ் ஏறிச் சும்மா தெகிவளை வரை போய்வந்தாள். பஸ்ஸில் எல்லாரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

கடைசியில் ஆள் கிடைத்தது அவளுடைய கட்டடத்தின் வாசலிலேயே. ஒரு பிற்பகல் பார்சல் ஒன்றை எடுக்கக் கீழே இறங்கினாள். லிஃப்ட் பழுது. படியேற மூச்சு வாங்கும் என்று நினைத்துத் தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் கொஞ்சம் இருந்தாள். கேட்டடியில் காவலுக்கு நின்றவர் சிவமணி. ஐம்பது வயதிருக்கும். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். கட்டடத்தில் இருந்தவர்கள் அவரை 'வொச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் சட்டையில் குத்தியிருந்த தகட்டில் இருந்ததால் அவளுக்குத் தெரியவந்தது.

"லிஃப்டு நாளைக்குத்தான் சரியாகும் மிஸ்," என்றார் அவர். "இருந்து போங்க, அவசரம் என்னா இருக்குது."

அவள் இருந்தாள். மறுநாள் லிஃப்ட் சரியாகிவிட்டது. ஆனாலும் பிற்பகல் வேலை ஓய்கிற நேரத்தில் இறங்கி வந்தாள். அதற்கடுத்த நாள் ஒரு பிளாஸ்க் தேநீரும் இரண்டு கோப்பைகளும் கொண்டுவந்தாள்.

சிவமணி பேசுகிற விதமே தனி. கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லமாட்டார். மனைவி எப்படியிருக்கிறாள் என்று கேட்டால், தோட்டத்தில் இப்போது கொழுந்து என்ன உயரத்தில் நிற்கிறது என்று தொடங்கி, மூத்த மகளுக்கு வந்த வரனைச் சுற்றி, கடைசியில் "இருக்கா, கால்தான் வீங்குது" என்று வந்து நிற்பார். இடையில் கார் வந்தால் பேச்சைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கேட்டைத் திறந்து மூடிவிட்டு, விட்ட சொல்லிலேயே வந்து தொடங்குவார்.

"இருவது வருசமா கேட்டுலதான் மிஸ் நிக்கிறேன். பேங்கு கேட்டு, ஆஸ்பத்திரி கேட்டு, இந்தக் கேட்டு. எல்லாரும் உள்ள போறாங்க, வெளிய போறாங்க. நான் ரெண்டுலயும் இல்ல."

அவரிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தான் ஒரு கதை எழுதுவதையும், அதில் பெரிய கோட்டை ஒன்று இருப்பதையும், கோட்டை வாசலில் ஒரு காவல்காரன் இருப்பதையும் சொன்னாள். "உங்கட கதையக் கேட்டுத்தான் அவர எழுதலாமெண்டு பாக்கிறன். உங்களுக்கு அது பிடிக்குமோ தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்க."

சிவமணி தேநீரை ஊதினார்.

"எழுதுங்க மிஸ். எழுதுறதுல என்னா. ஆனா என்னைய காவக்காரனா போடாதீங்க."

"ஏன்?"

"இங்கயும் அதுதானே. அங்கயும் போய் நிக்கச் சொல்றீங்களே." அவர் சிரித்தார். "குதிர இருக்கா அந்தக் கதையில?"

"இருக்குது. நிறைய இருக்குது."

"அப்ப எனக்கு ஒரு குதிர குடுங்க. நுவரெலியாவில ரேஸுக்கு எங்க அப்பா ஒருவாட்டி கூட்டிட்டுப் போனாரு. வேலிக்கு வெளிய நின்னுதான் பாத்தோம். வெள்ளக் குதிர வேணாம், அத எல்லாரும் கேப்பாங்க. மண்ணு நெறத்துல ஒண்ணு. சண்டைக்கு எல்லாம் போகமாட்டேன். சேதி கொண்டு போறவனா போடுங்க. ஊரு ஊரா போகணும்."

அன்று மாலை கொன்ஸ்ரன்ஸ் காவல்காரனை அழித்துவிட்டு, மண்நிறக் குதிரையில் வருகிற தூதன் ஒருவனை எழுதினாள். அவன் அரசியின் முன்னால் வந்து நின்றதும் சேதியைச் சொல்லவில்லை. வழியில் மழை எந்த மலையில் பெய்கிறது என்று தொடங்கினான். எந்த ஊரில் சோறு நன்றாக இருந்தது என்றான். தளபதி பொறுமையிழந்து வாளைத் தட்டினான். அவன் பேச்சை நிறுத்திப் போய்க் குதிரைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, விட்ட சொல்லிலேயே வந்து தொடங்கினான். எழுதும்போது கொன்ஸ்ரன்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் இப்படிப் பேச, மற்றவர்களுக்கும் தங்கள் தங்கள் பேச்சு வந்தது. அரசி முதல்முறையாக ஒருவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள், மன்னிப்புக் கேட்காமலே.

"இந்தக் குதிரைக்காரன் ஆர் அக்கா?" என்று அபிஷன் எழுதினான். "இவர் கதைச்சாக் காதில கேக்குது."

அதன் பிறகு அவள் பகுதி பகுதியாக எழுதி, அடுத்த நாள் கீழே போய்ச் சிவமணிக்குச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்பார். குதிரையை இரவில் எங்கே கட்டினான், ஆற்றில் தண்ணீர் மார்பளவா இடுப்பளவா என்று விசாரிப்பார். பிற்பகலானால் அவள் தலைவாரிப் பொட்டுப்போல ஒரு துளி பவுடர் போட்டுக்கொண்டு இறங்கினாள். இது என்ன விருப்பம் என்று ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கேட்டும் பார்த்தாள். அவள் பயந்த விருப்பம் அல்ல அது. "பெறகு என்னாச்சு மிஸ்?" என்று அவளிடம் கேட்க உலகத்தில் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை பிளாஸ்கோடு இறங்கினபோது கேட்டடியில் வேறொருவன் நின்றான். சிங்களப் பையன். சிவமணியைப் பற்றிக் கேட்டதற்கு, தனக்குத் தெரியாது, கம்பனி அனுப்பியது, வந்தேன் என்றான். அவள் பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குத் திரும்பினாள்.

லிஃப்டுக்குள் இரண்டாம் மாடிப் பூபாலசிங்கம் நின்றார். ஓய்வுபெற்ற பொறியியலாளர், கட்டடக் கமிட்டியின் தலைவர். அவளாகக் கேட்கும் முன்பே சொன்னார்.

"ஆளை மாத்தச் சொல்லிக் கம்பனிக்கு நான்தான் எடுத்துச் சொன்னனான், பிள்ளை. வொச்சர் எண்டால் கேட்டைப் பாக்கவேணும். இவர் இருந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைச்சுக்கொண்டிருக்கிறார். ஒண்டுரண்டு பேர் முறைப்பாடும் சொல்லிச்சினம். நீங்களும் தனிய இருக்கிறீங்கள். உங்கட நன்மைக்கும் சேர்த்துத்தான்."

"நான்தானே இறங்கிப் போய்க் கதைச்சது," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் மாடியில் கதவு திறந்து, அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று அவள் எதுவும் எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. தான் ஒரு பாத்திரத்தைத் தேடிப்போய் ஒரு மனிதனின் வேலையில் கைவைத்துவிட்டோம் என்ற நினைப்பு, சோற்றை வாயில் வைக்கும்போதுகூட வந்து நின்றது.

அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு அவள் போனாள். குடிவந்த நாளிலிருந்து ஒன்றுக்கும் போனதில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் கதிரைகளைப் போட்டு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தண்ணீர்த் தாங்கி கழுவுவது பற்றிப் பேசி முடிந்ததும் அவள் எழுந்தாள். மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வாய் போனது, அதை விழுங்கிக்கொண்டாள்.

"சிவமணி ஒரு நாளும் கேட்டடிய விட்டுட்டு இருந்ததில்ல. கார் வந்தா பாதிக் கதையில எழும்பிப் போவார். தேத்தண்ணி கொண்டுபோனது நான். கதிரையில போய் இருந்தது நான். பிழையெண்டா அத என்னட்ட சொல்லியிருக்கலாம். அவர திருப்பி எடுக்கச் சொல்லுங்க."

மூன்றாம் மாடி ரதி தன் வளையலைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பூபாலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பனியோட கதைச்சுப் பாக்கிறன்," என்றார். கதைத்தும் பார்த்தார், அதை மறுக்க முடியாது. சிவமணியை ஹெந்தளையில் ஒரு களஞ்சியத்துக்குப் போட்டாயிற்று, இனி மாற்ற இயலாது என்று கம்பனி சொல்லிவிட்டது. அதைச் சொல்லவென்றே பூபாலசிங்கம் நான்காம் மாடிக்கு ஏறிவந்தார். கதவடியில் நின்று சொல்லிவிட்டு, உள்ளே வரச் சொல்வாளோ என்பதுபோல் ஒரு கணம் தயங்கினார். அவள் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் லிஃப்டில் ஏறினால் உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோகும்.

ஒரு சனிக்கிழமை அவள் ஹெந்தளைக்குப் புறப்பட்டாள். கோட்டை என்று பெயர் மட்டும் இருக்கிற இடத்தில் இறங்கி, புறக்கோட்டைக்கு நடந்து வேறு பஸ் பிடித்தாள். கொட்டாஞ்சேனைப் பக்கமாகத்தான் பஸ் போனது. அவள் ஜன்னலால் பார்க்கவில்லை. மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு போனாள். பைக்குள் ஒரு பொதி கேக்கும், மண்நிறக் குதிரைக்காரன் வருகிற பகுதிகளை அச்செடுத்த தாள்களும் இருந்தன.

களஞ்சியத்தின் கேட் உயரமான தகரம். முகம் தெரிகிற அளவுக்கு ஒரு சதுரத் துவாரம் மட்டும் வெட்டியிருந்தது. அவள் தட்டினாள். துவாரத்தில் சிவமணியின் முகம் வந்தது. அவளைக் கண்டதும் அது மலர்ந்து, உடனே பக்கத்தில் எதையோ பார்த்து அடங்கியது.

"மிஸ். இங்க எதுக்கு வந்தீங்க?"

"உங்களப் பாக்கத்தான். என்னாலதானே உங்கள இங்க போட்டது."

"அட, அது ஒண்ணுமில்ல. எங்க போட்டாலும் கேட்டுதானே." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க கேமரா இருக்குது மிஸ். இருக்க வச்சுப் பேச ஏலாது. கதிரயே இல்ல."

அவள் பையைத் துவாரத்தால் கொடுத்தாள். அவர் தாள்களைக் கண்டு, "என்னா இது?" என்றார்.

"உங்கட குதிர."

சிவமணி அதைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்தார். "சின்னவ வாசிச்சுக் காட்டுவா. இந்த மாசம் வீட்டுக்குப் போறப்போ சொல்றேன் அவகிட்ட." பிறகு கேட்டார்: "அவன் இப்ப எங்க மிஸ் போய்க்கிட்டு இருக்கான்?"

"கடலோரமா. உப்பளம் இருக்கிற ஊருக்கு. சேதி என்னெண்டு இன்னும் நான் யோசிக்கல்ல."

"மெதுவா போகட்டும். குதிரைய வெரட்டாதீங்க."

பின்னால் லொறி ஒன்று வந்து ஹோன் அடித்தது. அவள் ஓரத்துக்குப் போனாள். தகரக் கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. "ஹரி மல்லி, யண்ட," என்று சிவமணி சிங்களத்தில் சொல்லி, சாரதிக்குக் கைகாட்டி லொறியை உள்ளே விட்டார். கேட்டை மூடும் முன் அவள் பக்கம் திரும்பினார்.

"இனி வராதீங்க மிஸ். கோவிச்சுக்காதீங்க. இங்கயும் பாக்கிற ஆளுக இருக்காங்க. இருக்கிற வேலைய பாத்துக்கணும்."

"விளங்குது," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "உடம்பப் பாத்துக்கொள்ளுங்க."

கேட் மூடியது.

பஸ் தரிப்பிடத்தில் உட்கார ஒரு மர வாங்கு இருந்தது. மீன் பையோடு ஒரு சிங்களப் பெண் அதில் இருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் களஞ்சியப் பக்கமிருந்து நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை கேட்டா போனாய் என்று விசாரித்தாள். இல்லை, ஒருவரைப் பார்க்கப் போனேன் என்று கொன்ஸ்ரன்ஸ் சிங்களத்தில் சொன்னாள். உனக்கு அவர் என்ன முறை என்று அந்தப் பெண் கேட்டாள்.

கொன்ஸ்ரன்ஸ் யோசித்தாள். அண்ணன் இல்லை, மாமன் இல்லை, சிநேகிதர் என்று சொல்லவும் நா எழவில்லை. தமிழிலும் அதற்கு ஒரு சொல் அகப்படவில்லை. "தெரிந்தவர்," என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, மீன் பையை நகர்த்தி இடம் விட்டாள். கொன்ஸ்ரன்ஸ் பக்கத்தில் போய் இருந்தாள். பஸ் வந்தபோது நெரிசலாக இருந்தது. அந்தப் பெண் முன்கதவால் ஏறினாள். கொன்ஸ்ரன்ஸுக்குப் பின்கதவில்தான் இடம் கிடைத்தது.