பீரோவுக்கு அந்தப் பக்கம்

தெய்வசிகாமணியின் வீட்டில் பேச்செல்லாம் வைஃபை வழியாகத்தான் போய்வரும். ரூட்டர் கூடத்தில் இருந்தது. அதை ஒட்டியே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். மனைவி பூங்கோதை சமையலறையில். நடுவில் ஒரு சுவரும் ஒரு பீரோவும்.

அன்று காலை பூங்கோதையிடமிருந்து, "நான்" என்று ஒரு சொல் வந்தது. வெகுநேரம் கழித்து "சொல்லுங்க" வந்தது. நடுவில் இருந்தது வரவே இல்லை.

நேரில் போய்க் கேட்கலாம்தான். ஆனால் தீபாவளியிலிருந்தே கூடம் நீண்டுகொண்டு வந்தது. சமையலறை வாசல் அடுத்த ஊர் விளக்கு மாதிரி தெரிந்தது. அவருக்கு நடப்பதென்றாலே வேப்பங்காய்.

புகார் சொன்னதும் கம்பெனியிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் வந்தாள். சுவரில் காதை வைத்துப் பார்த்தாள்.

"வேகம் வேணுமா சார், தூரம் வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் கெடைக்காது. அஞ்சு கிகா அலைவரிசைல விட்டா சிட்டாப் பறக்கும், செவுத்தப் பாத்தா படுத்துக்கும். ரெண்டு புள்ளி நாலு மெதுவாத்தான் போவும், ஆனா செவுரு தாண்டிடும்."

"இப்ப எதுல இருக்கு?"

"அஞ்சுல. இந்த நாற்காலி வரைக்கும் பிரமாதமா வருது."

அவருக்குப் பெருமையாக இருந்தது.

"பீரோவ நகத்தணும் சார். இரும்பு, அதுல கண்ணாடி வேற. பேச்சத் திருப்பி அனுப்பிடும்."

"அது அவ பொறந்த வீட்டுச் சீர். கேக்காம தொட முடியாது."

"கேளுங்க."

"பூங்கோதை, பீரோவ நகத்தட்டுமா?"

கேள்வி பீரோவில் பட்டுத் திரும்பி அவரிடமே வந்தது. "அவளக் கேட்டுச் சொல்றேன்" என்று அவரே பதில் சொன்னார். ஸ்டெல்லா தலையாட்டிவிட்டு, ரெண்டு புள்ளி நாலுக்கு மாற்றினாள்.

"இதுல கூட்டம் சார். தெருவே இந்த வழியாத்தான் பேசுது."

உடனே கூடம் நிரம்பியது. உப்புப் போட்டாச்சா என்று யாரோ கேட்டார்கள். வாடகையைக் கூட்டட்டுமா என்றார் ஒருவர். பெண்ணைக் கொடுக்கலாமா என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் "சரி" சொல்லி அனுப்பினார். எந்த வீட்டுக் கேள்வியானாலும் அவருக்கு வாயில் அதுதான் வரும்.

"நான் கெளம்பட்டுமா" என்று ஒரு கேள்வி வந்தது. "சரி" என்றார்.

அது பூங்கோதையின் குரல் என்பது அப்புறம்தான் உறைத்தது. கேள்வி இன்னும் முடியவில்லை. மீதி ஒவ்வொரு சொல்லாக, பொறுமையாக வந்து சேர்ந்தது. "இல்ல, எந்திரிச்சு இங்க வந்து ஒரு வார்த்த பேசுவீங்களா? சொல்லுங்க."

"இரு, வர்றேன்" என்று கத்தினார்.

"போய்ச் சேர நேரமாவும் சார்" என்றாள் ஸ்டெல்லா.

அவர் ஓடினார். கூடம் நீள நீள ஓடினார். பயமாக இருந்தது. பீரோவைக் கடக்கும்போது கண்ணாடியில் அவர் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. ஒரு டம்ளர் காபி ஆடை படிந்து கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. அங்கே தனக்கென்று ஒரு முக்காலி போட்டிருப்பதை முதன்முதலாகப் பார்த்தார். அதில் உட்கார்ந்தார்.

காபி முழுக்க ஆறிய பிறகு, சுவரைத் தாண்டி, கொஞ்சமும் விட்டுப்போகாமல் ஒரு குரல் வந்து சேர்ந்தது.

"இரு, வர்றேன்."

யார் வருவதாகச் சொல்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் இருந்தார்.